ஏஐ பயமும் 430 நிமிடக் கணக்கும்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாக ஆலைக்குள், பீஸைக் கேமராவால் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற ஏஐ ஆய்வு இயந்திரம் வந்து இறங்குகிற நாளில் பயம் தொடங்குவதில்லை. இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. வெளியாட்கள் இரண்டு பேர் லைன் பக்கம் வந்து இஞ்ச் டேப் வைத்து அளப்பார்கள், செல்லில் நாலு போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் பேச்சே அதுதான். "ணா, நம்ம செக்கிங் டேபிளை எடுக்கறாங்களாம்ணா." சூளகிரி தாண்டுவதற்குள், நாலு பேர் வேலை போகும் என்ற பேச்சு நாற்பது பேர் வேலை போகும் என்று ஆகிவிடும்.

இயந்திரம் வந்து ஓட ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் இந்தப் பதற்றம் இறங்கிவிடுகிறது. அது தள்ளுகிற பீஸால் எத்தனை சிவப்புப் பெட்டி நிரம்புகிறது, யாரை எங்கே மாற்றினார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று மாதம்தான் ஆளைத் தின்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மாதங்களைப் பற்றியது.

முதலில் உடம்பு. "எனக்கு ஏஐயை நினைச்சாப் பயமா இருக்கு" என்று யாரும் டிஸ்பென்சரியில் போய்ச் சொல்வதில்லை. நெஞ்செரிச்சல் என்று போவார்கள், கேஸ் மாத்திரை வாங்கி வருவார்கள். பிடரி வலி, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, பிள்ளைகள் மேல் காரணமில்லாத எரிச்சல். தரைத் தளத்தில் வேறு அடையாளங்கள் உண்டு. சேர்ந்திருக்கிற லீவை எடுக்கமாட்டார்கள், லீவு போட்டால் பெயர் பட்டியலில் வந்துவிடும் என்று. காய்ச்சலோடு வந்து நிற்பார்கள், கேட்காமலே ஓவர்டைம் ஒப்புக்கொள்வார்கள். தப்பான பீஸ் ஒன்று போய்விட்டால் முன்பெல்லாம் உடனே கத்திச் சொன்னவர் இப்போது மறைப்பார். பிரஸ் ஷாப்பில் இதன் ஆபத்தே வேறு. எண்ணிக்கை குறைந்தால் நம் பெயர்தான் முதலில் என்று நினைக்கிறவர், கை உள்ளே போனால் மெஷினை நிறுத்திக் காக்கிற லைட் கர்ட்டனை பைபாஸ் செய்து ஓட்டத் துணிவார். சேஃப்டி ஆபீசர் இதை ஒழுங்கீனம் என்று எழுதினால் பாதிதான் சரி. அந்த லைனில் என்ன வதந்தி ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் வேலை அழுத்தத்தைப் பற்றி ஒன்று சொன்னார்: சுமை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, சுமையும் அதிகம், தன் வேலைமேல் தனக்குப் பிடியும் இல்லை என்ற சேர்க்கைதான் கெடுக்கிறது. கேமரா லைனுக்கு இது அப்படியே பொருந்தும். அளக்க வந்தவர்கள் யார், எதற்கு அளந்தார்கள் என்று அந்த டேபிளில் பத்து வருடம் நின்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லாததுதான் அங்கே முதல் காயம்.

வேலை என்பதும் வேலையின் கூறு என்பதும்

ஏஐ எத்தனை வேலையை விழுங்கும் என்று எண்கள் பறக்கின்றன. அவற்றை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் போதும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013-இல் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் இயந்திரமயமாகும் அபாயத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2016-இல் ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்புக்காக வேறொரு குழு 21 நாடுகளை எடுத்துக் கணக்கிட்டபோது சராசரி 9 சதவீதம் என்று வந்தது. எண் இவ்வளவு இறங்கியதற்கு முக்கியக் காரணம், முதல் கணக்கு தொழிலை முழுசாக ஒரே உருப்படியாக எடுத்தது. இரண்டாவது, ஒருவர் நாள் முழுக்கச் செய்கிற கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்தது. அதே 2016-இல் ஏஐ முன்னோடி விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் பார்க்கும் என்றார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர் அவர். ரேடியாலஜி டாக்டருக்கு இன்றும் கிராக்கிதான். இதனால் பயமே வேண்டாம் என்று ஆகாது. எண்ணைக் கேட்டுத் தூக்கத்தை விடாதீர்கள், உங்கள் நாளைப் பிரித்துப் பாருங்கள் என்றுதான் ஆகும்.

பிரிப்பது இப்படி. ஒரு ஷிஃப்ட் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்கு 20 போனால் 430. ஒரு தாளை நாலு பத்தியாக மடித்துக்கொள்ளுங்கள்: என்ன செய்கிறேன், எத்தனை நிமிடம், இதை இயந்திரம் தனியாகச் செய்யுமா, தப்பானால் யாரைக் கேட்பார்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. மூன்று நாள் மணி பார்த்து எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் எல்லோரும் முக்கிய வேலையைப் பெருக்கியும் சில்லறை வேலையை விட்டும் எழுதுகிறார்கள், அந்தச் சில்லறையில்தான் பிழைப்பு இருக்கும்.

வார்ப்புப் பாகம் செக் செய்கிற ஒருவரின் தாள் ஏறக்குறைய இப்படி வரும். பெட்டி தூக்கி அடுக்குவது 60. கண்ணால் பார்ப்பது 210. கேஜ் வைத்து அளப்பது 50. சந்தேகப் பீஸைப் பிரிப்பது 40. ரிப்போர்ட் எழுதுவது 35. மெஷின் ஆபரேட்டரிடம் போய் "டூல் தேஞ்சிருக்கு, பாரு" என்று சொல்வது 20. கூட்டித் துடைப்பது 15. கேமரா எடுத்துக்கொள்வது கண்ணால் பார்ப்பதையும் ரிப்போர்ட்டையும்: 245 நிமிடம், பாதிக்கு மேல். இதை மழுப்பக் கூடாது. நாலு பேர் நின்ற இடத்தில் இரண்டு பேர் போதும் என்று ஆகலாம். ஆனால் மிச்சமுள்ள 185 நிமிடம் அப்படியே நிற்பதில்லை, வளர்கிறது.

ஏன் வளர்கிறது என்றால், கேமராவுக்கு விரிசல் தெரியாது, வெளிச்ச வித்தியாசம்தான் தெரியும். கூலன்ட் ஈரம் ஒட்டிய பீஸில் எண்ணெய்க் கோடு விரிசல் மாதிரி தெரியும். மேற்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் சாயங்காலம் நாலு மணி வெயில் சாய்வாக விழுந்து நல்ல பீஸையெல்லாம் தள்ளும். லென்ஸில் கிரைண்டிங் தூசி படிந்தால் நேர்மாறு, கெட்டதையும் விட்டுவிடும். ஷிஃப்டுக்கு 6,000 பீஸ் ஓடுகிறது, அதில் 3 சதவீதத்தைத் தப்பாகத் தள்ளுகிறது என்று வையுங்கள். 180 பீஸ். ஒன்றை எடுத்துத் துடைத்து மறுபடி பார்க்க 20 வினாடி. ஒரு மணி நேரம் போயிற்று. அந்த ஒரு மணி நேர வேலை யார் பட்டியலிலும் இருக்காது, இயந்திரம் வாங்கிய கணக்கில் கண்டிப்பாக இருக்காது. யாரோ ஒருவர் குனிந்து சிவப்புப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருப்பார். அவர் செய்கிற வேலைக்குப் பெயர் வைத்து நிமிடம் எழுதி சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் தெரிந்த 10 நல்ல பீஸ், தெரிந்த 10 கெட்ட பீஸை ஓடவிட்டுப் பார்ப்பது, பத்து கெட்டதில் ஒன்றை விட்டாலும் லைனை நிறுத்துவது, தள்ளிய பீஸின் காரணத்தைத் தேதி போட்டு எழுதுவது ஆகிய மூன்றும் அந்த ஆளின் பொறுப்பு என்று எழுத்தில் வந்துவிட்டால், ஒரு பணியிடம் உருவாகிவிட்டது. எழுத்தில் வராவிட்டால் அது ஓசி வேலை.

இன்னொரு வலி உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. இயந்திரத்தைப் பழக்க ஆயிரக்கணக்கான படங்களுக்கு ஓகே (நல்லது), என்ஜி (கெட்டது) என்று குறி போட வேண்டும். அதற்கு ஆலையில் யாரைக் கூப்பிடுவார்கள்? அந்த டேபிளில் கெட்டிக்காரராக இருப்பவரைத்தான். அவர் உட்கார்ந்து தன் கண்ணை இயந்திரத்துக்குக் கொடுக்கிறார். வெட்டுகிற கத்திக்கு நானே சாணை பிடிக்கிறேன் என்ற எண்ணம் வராமல் இருக்குமா? சிலர் வேண்டுமென்றே தப்பாகக் குறி போடுவதும் உண்டு. அதைக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட முதலிலேயே செய்ய வேண்டியது மூன்று: அந்த வேலையை உற்பத்தி எண்ணிக்கை இல்லாத நேரத்தில் தனியாக ஒதுக்குவது, குறி போட்டவர் பெயரைப் பதிவில் வைப்பது, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மேலே சொன்ன சரிபார்ப்புப் பொறுப்பை அவருக்கே கொடுப்பதாக முன்கூட்டியே சொல்வது. கண் களைப்பும் நிஜம். 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பத்து நிமிடம் நடக்காமல் குறி போட்டால் கடைசி நூறு படத்தை நம்ப முடியாது.

ஆபீஸ் மேசையிலும் இதே கதைதான், உருவம் வேறு. தர்மபுரியில் கணக்கு எழுதுகிறவரும் ஓசூரில் பில் போடுகிறவரும், பில்லைப் படம் எடுத்தால் தானே பதிவு செய்துவிடும் மென்பொருளைப் பார்த்துக் கலங்குகிறார்கள். முடிந்துபோன பழைய மாதத்தின் 50 பில்லை எடுத்து அதில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் நல்ல மருந்து. வாடிக்கையாளரின் பான் எண், வங்கிக் கணக்கு எண் வெளியே போகாமல் மறைத்துவிட்டு. எங்கே இடறுகிறது என்று பார்த்தால் நம் எல்லையிலேயே இடறும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29. கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வாங்கிய சரக்குக்கும் இந்தப் பக்கம் வாங்கியதற்கும் வரித் தலைப்பே வேறு. இங்கே மத்திய, மாநில வரி என இரண்டாகப் பிரியும், அங்கிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி. ஒரு இலக்கத்தை மங்கலாகப் படித்துவிட்டால் மாதக் கணக்கே இடிக்கும். 50 பில்லில் எத்தனை தப்பு, என்ன வகைத் தப்பு என்று கையில் ஒரு பட்டியல் இருக்கிற கணக்கருக்கு முதலாளியிடம் பேச விஷயம் இருக்கிறது.

கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

"எங்க வேலை போயிடுமா சார்?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை யாரும் நம்புவதில்லை, சொல்கிறவர் உட்பட. கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். எந்த லைன்? ட்ரையல் எந்தத் தேதியில் ஆரம்பம், எத்தனை வாரம்? ட்ரையல் முடிந்தது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? அந்த லைன் ஆட்களில் யாரை எங்கே மாற்ற உத்தேசம்? காண்ட்ராக்ட் ஆட்களின் அடுத்த புதுப்பிப்பு எப்போது? கேமரா பீஸை மட்டும் பார்க்குமா, ஆளையும் பார்க்குமா? இதில் கடைசிக் கேள்வியைக் கேட்க ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். ஆனால் பாத்ரூம் போகிற நேரத்தைக்கூட எண்ணுகிறார்களோ என்ற நினைப்புதான் பெண்கள் அதிகமுள்ள அசெம்பிளி லைன்களில் பெரிய பாரம். ஒரே ஆள் போய்க் கேட்காமல் மூன்று பேராக, எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

சூப்பர்வைசர் பக்கத்தில் ஒன்று. முடிவு உங்களுக்கே தெரியாது என்றால் தேதியைச் சொல்லுங்கள்: "எனக்கு இன்னும் சொல்லல. 15ஆம் தேதி காலைக் கூட்டத்துல, தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியலேன்னா தெரியலேன்னே சொல்றேன்." 15ஆம் தேதி சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் நின்று அதையே சொல்ல வேண்டும். ஒருமுறை தவறினால் அதற்குப் பிறகு பஸ்ஸில் வருகிற செய்திதான் செய்தி. ஓசூரில் மொழியும் ஒரு பிரச்சினை. ஒரே லைனில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிற்கிறார்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். அறிவிப்பை இங்கிலீஷில் அடித்துப் பலகையில் ஒட்டிவிட்டால், அதை யார் எப்படி மொழிபெயர்த்துச் சொன்னாரோ அதுதான் உண்மையாகிவிடும். பத்து நிமிடம் வாயால் சொல்வது மேல்.

சட்டத்தில் இருப்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கலக்கம் தெரியாமையால் வருவது. ஆள்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர, தொழில்முறை மாற்றம் செய்வதற்கு 21 நாள் முன் நிர்வாகம் தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தது. அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தொடர்ந்து ஒரு வருடத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரைக் குறைத்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம். ஆறு வருடம் என்றால் 90 நாள். மறுதிறன் நிதியாக முதலாளி இன்னொரு 15 நாள் ஊதியத்தைக் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. காண்ட்ராக்ட் காலம் முடிந்து வெளியே அனுப்புவது ஆள்குறைப்பில் சேராது. இங்கே கேமரா வந்தால் முதலில் அடிபடுகிறவர்கள் காண்ட்ராக்ட் ஆட்களும் அப்ரண்டிஸ் பிள்ளைகளும்தான், அவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை என்பதுதான் வேதனை. அவர்கள் சம்பளச் சீட்டு, பிஎஃப் யுஏஎன் எண், ஈஎஸ்ஐ எண், பயிற்சிச் சான்று ஆகியவற்றின் படங்களைத் தங்கள் செல்லில் வைத்திருப்பது இன்றைக்கே செய்யக்கூடிய வேலை.

கடன், தூக்கம், படிப்பு

பலருக்கு ஏஐ பயத்தைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் டியூ இருக்கும். ஆறு மாதச் செலவைச் சேமித்து வையுங்கள் என்ற அறிவுரை 20,000 ரூபாய் சம்பளக்காரருக்குக் கேலி மாதிரி. அதற்குப் பதில் தரைமட்டத்தைக் கணக்கிடுங்கள். வாடகை 5,000, மளிகை பால் கேஸ் 6,500, குழுக் கடன் 2,400, வண்டி டியூ 2,900, பள்ளி மருந்து 1,700 என்றால் 18,500. இனி ஒவ்வொரு டியூவும் முடிகிற மாதத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். வண்டி டியூ ஏழாவது மாதத்தில் முடிந்தால் தரைமட்டம் 15,600-க்கு இறங்குகிறது. அதற்குள் புது டியூ எடுக்காமல் இருப்பதுதான் சேமிப்பு. இரண்டு மாதத் தரைமட்டம் கையில் இருந்தால்கூட ஆளின் நடையே மாறிவிடுகிறது.

தூக்கத்துக்கு வருவோம். பி ஷிஃப்ட் இரவு பத்துக்கு முடிந்து, வீடு சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்ததும் கை செல்லைத் தேடும். "இந்த பத்து வேலை காலி" என்று ஒரு வீடியோ, அதைப் பார்த்ததால் அதே மாதிரி இன்னும் பத்து. கவலையை அடக்க முடியாது, இடம் மாற்றலாம். பகலில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 15 நிமிடம்: தாளில் கவலையை எழுதுங்கள், பக்கத்தில் "இதில் இந்த வாரம் நான் செய்யக்கூடியது" என்று ஒன்று. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதுங்கள். ராத்திரி அது மறுபடி வந்தால், நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ள மனசுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். பத்து நாளாவது செய்தால்தான் பழகும், இரண்டு நாளில் விட்டுவிட்டு உதவவில்லை என்பது வழக்கமான தவறு. படுத்து 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், படுக்கையிலேயே புரளாதீர்கள். ராத்திரி முழுக்க ஓடுகிற சி ஷிஃப்ட் ஆட்கள் கடைசி டீயை ராத்திரி ஒரு மணியோடு நிறுத்த வேண்டும், காஃபின் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம்போல ஆகும். காலையில் வீடு வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கனமான போர்வை. ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை: தூக்கம் வரும், மூன்று மணிக்குக் கலைத்தும் விடும்.

படிப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பயம் இருக்கிற இடத்தில் கடை விரிப்பவர்கள் உண்டு; மூன்று மாத ஏஐ கோர்ஸ், 30,000 ரூபாய், வேலை உறுதி. செக்கிங் டேபிளில் நிற்கிறவருக்கு அது உதவாது. இயந்திரத்துக்கு அக்கம்பக்கத்தைப் படியுங்கள்: லைட் கோணம் மாற்றுவது, லென்ஸ் துடைப்பது, சென்சார் மாற்றுவது, மெஷினை இயக்குகிற பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் அடிப்படை, அளவுக் கருவிகளின் துல்லியம் பார்ப்பது, எக்செலில் குறை வகைவாரியாக எண்ணுவது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 (கணினி, ரோபோ சார்ந்த புதிய உற்பத்தி முறை) மையங்களாக மேம்படுத்தியிருக்கிறார்கள், பக்கத்து ஐடிஐயில் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று விசாரிப்பதில் செலவில்லை. எல்லாவற்றையும்விட மலிவான வகுப்பு, விற்ற கம்பெனியின் இன்ஜினியர் இயந்திரத்தைப் பொருத்திச் சரிசெய்ய வந்து நிற்கிற மூன்று நான்கு நாள். அந்த நாட்களில் டூல் பாக்ஸ் எடுத்துக் கொடுக்கிற சாக்கிலாவது பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்தத் திரையைத் திறக்கிறார், எந்த எண்ணைக் கூட்டிக் குறைக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பஸ் ஏறிய பிறகு இயந்திரம் நிற்கும்போது அந்த நோட்டைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

தாளாலும் கணக்காலும் தீராத கட்டமும் உண்டு. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி, படபடப்பு என்றால் மனசுதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு முதலில். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஈஎஸ்ஐ அட்டை இருந்தால் அந்த வழியிலும் போகலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசுச் சேவை 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசுவார்கள். ஆலையில் யாருக்கும் தெரியாது.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. "உங்க வேலை இருக்குமா, இல்லையா?" என்று தினம் ராத்திரி கேட்காதீர்கள், அவரிடம் பதில் இல்லை. சோறு போடும்போது, "இன்னிக்கு அந்தக் கேமரா எத்தனை பீஸைத் தப்பாத் தள்ளுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்கும், நூற்றி எண்பதில் ஒவ்வொன்றையும் சொல்லுவார்.